முந்நூறு வரிக்குக் கீழே

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரை எல்லாரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெரிய டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார், அவருக்கு அக்காவைவிடப் பத்து வயசு கூட என்றாலும். நான் மருந்து கொடுக்கிற ஜன்னலில் உட்காருகிறவள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஜெனரேட்டர் ஷெட்டை ஒட்டி இருந்த குவார்ட்டர்ஸில் நானும் அவரும் ஒரே வீட்டில் குடியிருந்தோம். ஆளுக்கு ஓர் அறை, நடுவில் ஒரு சமையலறை. எனக்கு வாய் நீளம், அவருக்குப் பொறுமை நீளம். அதனால்தான் இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தும் ஒரு பாத்திரம்கூடப் பறக்கவில்லை.

எக்ஸ்ரே அறைக்குள் வருகிறவர்கள் பாதிப் பேர் பயந்துகொண்டுதான் வருவார்கள். உள்ளே இருட்டு, இரும்பு மேஜை ஜில்லென்று இருக்கும். அக்கா அவர்களைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, "தாடையைத் தூக்குங்க. தோளை முன்னாடி கொண்டு வாங்க. மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க... அசையாதீங்க... ம், விடலாம்" என்பார். அந்த 'விடலாம்' வரும்போது பாதி நோய் போனது மாதிரி முகம் தெளிந்துவிடும். வீட்டிலும் அதே பழக்கம்தான். நான் யார் மேலாவது கோபப்பட்டு மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தால், வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "ம், விடலாம்" என்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும், கோபம் எங்கே போனது என்று தெரியாது.

அவருக்கு ஒரே ஒரு குறைதான். மகள் பக்கத்தில் இல்லை.

வீட்டுக்காரருக்குத் தலைநகரில், எங்கள் துறையின் தலைமை அலுவலகத்தில், கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. பஸ்ஸில் ஏழு மணி நேரம். பாப்பா பள்ளிக்கூடம் போகிற வயசுக்கு வந்ததும், நல்ல பள்ளிக்கூடம் அங்கேதான் இருக்கிறது, அப்பாவோடு இருக்கட்டும் என்று முடிவானது. "ஒரு வருஷம்தான், உனக்கு மாற்றல் வந்துடும்" என்றார் வீட்டுக்காரர். மாற்றல் போடுகிற அலுவலகத்திலேயே அவர் உட்கார்ந்திருக்கும்போது அக்கா ஏன் கவலைப்பட வேண்டும்? ஒரு வருஷம் என்றது ஒன்பது வருஷமாயிற்று. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவார். திங்கட்கிழமை காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, நேராக ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு இருட்டு அறைக்குள் போய்விடுவார்.

எனக்கு அந்த வீட்டுக்காரரை முதலிலிருந்தே பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன். பஸ் எத்தனை மணிக்கு வந்தாலும் ஸ்டாண்டில் காத்திருப்பார். பையை வாங்கிக்கொள்வார். காபி போட்டுக் கொடுப்பார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். இப்படி ஓர் ஆள் எனக்குக் கிடைக்கவில்லையே என்று நான் பெருமூச்சு விட்டதுகூட உண்டு. அந்தப் பெருமூச்சையெல்லாம் இப்போது திருப்பி வாங்கிக்கொள்ள வழியில்லை.

மாற்றல் விஷயம் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். மாற்றல் வேண்டும் என்கிறவர்கள் துறையின் இணையப் பக்கத்தில், அவரவர் பணி எண்ணும் பாஸ்வேர்டும் போட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு தடவை விண்ணப்பித்தால் அது உள்ளேயே இருக்கும். வருஷத்துக்கு ஒரு மாதம் அந்தப் பக்கம் திறக்கும். அதில் 'புதுப்பிக்க' என்று ஒரு பட்டன். விலாசமோ வேறு விவரமோ மாறியிருந்தால் மட்டும் புதுப்பித்தால் போதும் என்று சுற்றறிக்கையில் இருந்தது. ஆனால் சுற்றறிக்கையை நம் ஆட்கள் என்றைக்கு முழுசாகப் படித்தார்கள்? விண்ணப்பத்தை வருஷத்துக்கு ஒரு தடவை தொட்டு வைக்காவிட்டால், 'இவங்களுக்கு ஆர்வம் விட்டுப்போச்சு' என்று மேலே இருப்பவர்கள் தள்ளிவிடுவார்கள் என்று எல்லார் மனசிலும் ஆழமாகப் பதிந்துவிட்டது. யார் கிளப்பி விட்டார்கள் என்று தெரியாது, யாரும் மறுக்கவும் இல்லை. பக்கம் திறக்கிற அன்று வார்டில் ஒரு வேலை நடக்காது. ஊசி போடுகிற சிஸ்டர் ஒரு கையில் போனோடுதான் நிற்பார். அமுக்கி முடித்த பிறகுதான் நோயாளியின் முகத்தைப் பார்ப்பார்.

அக்காவுக்கு அந்தத் தொல்லை இல்லை. எங்கள் குவார்ட்டர்ஸில் சிக்னல் கிடைக்க வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும். வீட்டுக்காரர், "பாஸ்வேர்டை எங்கிட்ட குடு, நான் பாத்துக்கறேன்" என்று முதல் வருஷமே வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு வருஷமும் போன் வரும். "புதுப்பிச்சாச்சு. இந்த வருஷம் எப்படியும் வந்துடும் பாரு." அக்காவுக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவாது. எனக்கு இரண்டு பஜ்ஜி அதிகமாகக் கிடைக்கும். பிறகு பட்டியல் வரும், அதில் அக்கா இருக்க மாட்டார். பக்கத்தைத் திறந்து பார்த்தால் 'நிலுவையில் உள்ளது' என்று மட்டும் இருக்கும். எத்தனை பேருக்குப் பின்னால் நிற்கிறோம் என்று அது யாருக்கும் சொல்லாது.

பாப்பா சின்னவளாக இருந்தபோது போனில், "எப்பம்மா வருவே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் பேச்சே குறைந்தது. அக்கா பேசப் பேச, "ம்", "சரி", "வைக்கட்டுமா?" என்பதோடு முடிந்துவிடும். ஒரு நாள் சமையலறையில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அக்கா சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார். இந்த வருஷமும் வரவில்லை என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பக்கம் பாப்பா சட்டென்று, "நாங்க எங்க வேலையைச் சரியாதான் செய்யறோம்மா. உன் பக்கம்தான் ஏதோ சரியில்ல. உனக்கு வர மனசில்ல, அங்கேயே பிடிச்சுப் போச்சு. அதைச் சொல்லிட்டுப் போயேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அக்கா மாவுக் கையோடு அப்படியே நின்றார். "இன்னும் ரெண்டு வருஷத்துல காலேஜ். அப்புறம் எங்கேயோ போயிடுவா. அதுக்குள்ள ஒரே ஒரு வருஷமாவது அவளோட ஒரே வீட்ல இருந்துட்டா போதும். நான் வேணும்னு வராம இருக்கலைன்னு அவளுக்குத் தெரிஞ்சா போதும்" என்றார். அன்றைக்கு 'விடலாம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வருஷம்தான் நாளைக்கு அண்ணனுக்கு மாற்றல் வந்தது.

நாளைக்கு அண்ணன் எங்கள் லேபில் ரத்தம் எடுக்கிறவர். எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பதால் வந்த பெயர். மின்விசிறி ரிப்பேர் என்று சொன்னால் குளிர்காலம் வந்த பிறகு சரி செய்வார். அவருக்குத் தலைநகரில் பெரிய ஆஸ்பத்திரி! எனக்கு வயிற்றெரிச்சலை அடக்க முடியவில்லை. மருந்து ஜன்னலை மூடிவிட்டு நேராக லேபுக்குப் போனேன்.

"யாரைப் பிடிச்சீங்க அண்ணே? உண்மையைச் சொல்லுங்க."

"யாரையும் பிடிக்கலம்மா. நாலு வருஷம் முன்னாடி அப்ளை பண்ணேன். நாளைக்குப் புதுப்பிக்கலாம், நாளைக்குப் புதுப்பிக்கலாம்னு இருந்து பாஸ்வேர்டையே மறந்துட்டேன். உள்ளேயே போகலை. எனக்கே ஆச்சரியமா இருக்கு" என்றார். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டும், அது அவரிடம் கிடையாது.

அக்கா பொறாமைப்படவில்லை. ஆனால் அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு குழப்பத்தைப் பார்த்தேன். நான் விடவில்லை. "ஒன்பது வருஷம் காத்திருக்கறவங்களை விட்டுட்டு நாலு வருஷத்துக்காரருக்குக் குடுத்திருக்காங்க. நேர்ல போய்க் கேப்போம். எனக்கும் கண்ணாடி மாத்தணும், நானும் வரேன்" என்று இழுத்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவர் தன் அலுவலகத்தில் பிறருக்குச் சங்கடம் கொடுக்க விரும்பாத மனிதர், தடுப்பார் என்று அக்கா நினைத்தார். தடுப்பார் என்பது மட்டும் சரி.

நாங்கள் போன அன்று அவர் சீட்டில் இல்லை. வேறு கட்டடத்தில் ஏதோ பயிற்சி வகுப்பாம். அடுத்த சீட்டில் இருந்த அம்மாள், கழுத்தில் இரண்டு கண்ணாடி தொங்கவிட்டுக்கொண்டிருந்தவர், அக்காவைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"அட, நீங்களா! போட்டோவுல பாத்திருக்கேன். உக்காருங்க, உக்காருங்க. உங்க வீட்டுக்காரர் இல்லைன்னா இந்தப் பிரிவே நடக்காதும்மா."

எதற்கு வந்தோம் என்று அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த அம்மாளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாற்காலியைத் திருப்பி, ஸ்கிரீனை எங்கள் பக்கம் காட்டினார்.

"இது மாற்றல் கமிட்டி பாக்கற ஸ்கிரீன். முன்னெல்லாம் இதைத் திறந்தா துறையில இருக்கற எல்லா விண்ணப்பமும் ஒண்ணா வரும். பதினஞ்சாயிரம் வரி. கம்ப்யூட்டர் திணறிப்போய் அப்படியே நின்னுடும். அதிகாரிங்க டீ குடிச்சுட்டு, அரட்டை அடிச்சுட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கும். உங்க வீட்டுக்காரர்தான் கம்ப்யூட்டர்கிட்ட பட்டியல் கேக்கற கட்டளையோட கடைசியில ஒரு சின்ன வரி சேர்த்தார். 'முந்நூறு மட்டும் கொண்டு வா, போதும்'னு. இப்ப பாருங்க, தட்டினா பட்டுனு வரும். அவங்களுக்கும் முந்நூறே அதிகம். இருக்கற காலியிடம் அதுக்குள்ளயே முடிஞ்சுடும்."

"எந்த முந்நூறு?" என்று நான் கேட்டேன்.

"தேதி வரிசைதான். பழைய தேதி மேல, புதுத் தேதி கீழ. ரொம்ப நாள் காத்துக்கிட்டு இருக்கறவங்களுக்கு முதல்ல."

"அப்ப அக்கா மேல இருக்கணுமே! ஒன்பது வருஷம்."

"இருப்பாங்களே" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் தங்கள் பிரிவுக்கு மட்டும் திறக்கிற இன்னொரு பக்கத்தில் அக்காவின் பணி எண்ணைத் தட்டினார். ஒரு கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றை மாட்டினார். "பன்னிரண்டாயிரத்துச் சொச்சத்துல காட்டுது... நீங்க புதுப்பிச்சீங்களா?"

"வருஷா வருஷம்" என்றார் அக்கா.

"ஐயய்யோ, எதுக்கும்மா புதுப்பிச்சீங்க? இங்க விண்ணப்பிச்ச தேதி கணக்கு இல்ல, கடைசியா தொட்ட தேதிதான் கணக்கு. புதுப்பிச்சா அன்னைக்குத் தேதி விழுந்துடும். நீங்க நேத்து வந்த ஆளா ஆயிடுவீங்க. கீழ போயிடுவீங்க."

"கீழ இருக்கறவங்களை அவங்க எப்பப் பாப்பாங்க?"

"பாக்க மாட்டாங்கம்மா. இறங்கிப் பாக்க ஸ்கிரீன்ல வழியே கிடையாது. முந்நூறுக்குக் கீழ ஆள் இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது."

அக்கா ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு ரொம்பச் சாதாரணமான குரலில், நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிற மாதிரி, "இது அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"யாருக்கு? உங்க வீட்டுக்காரருக்கா? எழுதினவரே அவர்தானே!" என்று அந்த அம்மாள் சிரித்தார். "எங்ககிட்ட எல்லாம் ஆரம்பத்துலயே சொல்லிட்டாரே. உங்க சொந்தத்துல யாராவது அப்ளை பண்ணியிருந்தா தயவுசெஞ்சு கையே வைக்காம இருக்கச் சொல்லுங்கன்னு. என் தம்பி பொண்டாட்டி அப்படித்தான் ரெண்டே வருஷத்துல..."

அத்தோடு நிறுத்திக்கொண்டார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "உங்ககிட்டச் சொல்ல மறந்திருப்பார்" என்று ஏதோ முனகினார். ஒன்பது வருஷம் மறந்தாராம். பக்கத்து சீட்டுக்காரியின் தம்பி பொண்டாட்டியை ஞாபகம் வைத்திருந்தவர், தாலி கட்டியவளை மறந்துவிட்டாராம்.

இனிமேல் அந்த ஆளுக்கு 'அவர்', 'இவர்' என்ற மரியாதை எனக்கு வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அங்கிருந்து அக்கா வீட்டுக்குப் போனோம். பாப்பா டியூஷனுக்குப் போயிருந்தாள். அக்கா தன்னிடமிருந்த சாவியால் திறந்தார். சோபாவில் பாப்பாவின் துப்பட்டா, மேஜை மேல் அவள் சீப்பு, ஒரு கப்பில் ஆறிப்போன காபி. அக்கா எதையும் தொடாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், யார் வீட்டுக்கோ வந்தவர் மாதிரி. கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் வந்தான். எங்களைப் பார்த்ததும், "சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனே" என்று சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தான். அக்கா பின்னாலேயே போனார். நான் கூடத்தில் இருந்தேன். சுவர் மெல்லியது, எனக்குக் காதும் கூர்மை.

"முந்நூறு வரி வச்சது நீங்கதானா?"

ஸ்பூன் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"நான் எதையும் அழிக்கலை" என்றான் கடைசியில். "உன் வரி அங்கேயேதான் இருக்கு. ஒரு எழுத்தைக்கூட நான் மாத்தலை."

"புதுப்பிச்சா கீழ போயிடும்னு தெரிஞ்சே வருஷா வருஷம் அழுத்தினீங்க."

"நான் என் கையால ஒண்ணும் செய்யலை."

"அப்ப யார் கையாம்? என் பாஸ்வேர்டு உங்ககிட்டதானே இருந்தது?"

குழாயைத் திறந்து அவன் ஸ்பூனைக் கழுவுகிற சத்தம் கேட்டது. எனக்கு ரத்தம் கொதித்தது. பிடிபட்ட பிறகும் என்ன வக்கீல் பேச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு அவனே பேசினான். குரலில் கோபமே இல்லை, அதுதான் கொடுமை.

"இந்தா பாரு. நான் வேற எந்தத் தப்பும் பண்ணலை. எனக்கு வேற யாரும் இல்லை. நீ இல்லாம இந்த வீட்டுக்கு ஒரு ஒழுங்கு வந்துடுச்சு. எனக்கு அது பழகிப்போச்சு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நீ வர்றப்போ நாம எவ்வளவு நல்லா இருக்கோம், யோசிச்சுப் பாரு. ஒரு சண்டை உண்டா? தினம் இருந்தா அப்படி இருந்திருப்போமா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க எனக்கு வாய் துடித்தது. ஆனால் அது என் சண்டை இல்லை. அக்கா கத்தவில்லை. "பாப்பாகிட்ட நான் சொல்லப் போறேன்" என்றார்.

"வேண்டாம்!" அப்போதுதான் அவன் குரல் முதன்முதலாக உயர்ந்தது. "அவகிட்ட வேண்டாம். அவளுக்குப் பரீட்சை இருக்கு."

"பரீட்சை முடியட்டும். இந்தத் தடவை யாரும் கை வைக்க வேண்டாம், பாஸ்வேர்டை நானே மாத்திக்கறேன். மாற்றல் தானா வரும். பெட்டி படுக்கையோட வந்து, உங்களை எதிர்ல உக்கார வச்சுக்கிட்டு, அவகிட்டச் சொல்றேன். வர மனசில்லாதது யாருக்குன்னு அவளுக்குத் தெரியணும்."

அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து, தீய்ந்த வாடை வந்தது. யாரும் அணைக்கவில்லை. நான்தான் உள்ளே போய் அணைத்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா அழுதார். ஜன்னல் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். "வேற ஒருத்தி இருந்திருந்தாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும். நாலு பேர்கிட்டச் சொல்லி அழலாம். நான் இல்லாததுதான் அவருக்கு வேணும்னா, அதை யார்கிட்டப் போய் எப்படிச் சொல்றது?" என்றார். என் தோளில் சாய்ந்துகொண்டு, "காபி போட்டுக் குடுப்பாரேடி" என்றார். அந்த ஒரு வார்த்தையில் இருந்த வலியை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த தடவை பக்கம் திறந்தபோது ஆஸ்பத்திரியே போனைக் கட்டிக்கொண்டு நின்றது. அக்கா பாஸ்வேர்டை மாற்றிவிட்டார், பட்டனைத் தொடவில்லை. அந்த ஒரு மாதமும் அவருக்குத் தூக்கமில்லை. காரணம் தெரிந்தும் கை நமநமவென்று இருக்கிறது என்பார். நான் அவர் போனைப் பிடுங்கி மருந்து அலமாரிக்குள் பூட்டி வைத்ததும் உண்டு.

பட்டியல் வந்தது. அக்காவுக்குத் தலைநகரில், வீட்டிலிருந்து இரண்டு ஸ்டாப் தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரி. மற்ற எல்லாரும் தங்களைத் தாங்களே கீழே தள்ளிக்கொண்டபோது, கை வைக்காமல் இருந்த அக்கா தானாக மேலே வந்துவிட்டார். ஒரே ஒரு வருஷம் அந்த ஆள் சும்மா இருந்திருந்தால் போதும். ஒன்பது வருஷத்தில் ஒரு வருஷம்.

உத்தரவு கையில் கிடைத்த மறுநாள் நான் ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிவிட்டேன்: புதுப்பிக்காதீர்கள், புதுப்பித்தால் கீழே போவீர்கள் என்று. ஒருத்தரும் நம்பவில்லை. "அதெப்படி ஒரு வருஷம் முழுக்கத் தொடாம விடறது?" என்று என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

சாமான் ஏற்றிய சின்ன லாரியிலேயே டிரைவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொண்டு நானும் போனேன். வழியெல்லாம் அக்கா பாப்பாவிடம் சொல்லப் போவதை ஒத்திகை பார்த்தார். எங்கே தொடங்குவது, முந்நூறு வரியை எப்படிப் புரிய வைப்பது என்று. "அவளுக்குக் கோபம் வரும். வரட்டும். என் மேல இருந்த கோபம் போகும்ல?" என்றார். ஒன்பது வருஷமாக அவர் தூக்கிச் சுமந்த ஒரே பாரம் அதுதான், அதை அன்றைக்கு இறக்கி வைக்கப் போகிறார் என்று எனக்கும் படபடப்பாக இருந்தது.

கதவைத் திறந்தது பாப்பா. அம்மாவைவிட உயரமாகிவிட்டாள். போனில் 'ம்', 'சரி' என்று பேசின பெண்ணா இது என்று இருந்தது. அக்காவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. தன் அலமாரியில் பாதியைக் காலி செய்து வைத்திருந்தாள். படுக்கையில் சுவரோரம் தனக்கு, வெளிப்பக்கம் அம்மாவுக்கு என்று தலையணை போட்டிருந்தாள். அந்த ஆள் ஓரமாக நின்று பெட்டிகளை வாங்கி வைத்தான். யார் கண்ணையும் பார்க்கவில்லை.

சாமான் இறக்கி முடிந்ததும் நாங்கள் மூவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். அவன்தான் காபி கொண்டு வந்து வைத்தான். அக்கா தன் கப்பைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பாவும் இருக்கட்டும்."

"இரும்மா, நான் முதல்ல சொல்லிடறேன்" என்றாள் பாப்பா. முகமெல்லாம் சிரிப்பு. "நீ வர்ற வரைக்கும் உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கியிருந்தார். சொன்னா பலிக்காதாம். உனக்கு அந்த மாற்றல் விண்ணப்பம் இருக்குல்ல, அதை வருஷா வருஷம் புதுப்பிச்சது யாரு தெரியுமா?"

அக்கா அந்த ஆளைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான்! ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து! அப்பா என்னை மடியில உக்கார வச்சுக்கிட்டு, பாஸ்வேர்டு போட்டுட்டு, 'இதுதான் அம்மாவை வரவழைக்கிற பட்டன், நீதான் அழுத்தணும்'னு சொல்வார். அந்தப் பக்கம் என்னைக்குத் திறக்கும்னு நான் காத்துக்கிட்டே இருப்பேன். கண்ணை மூடிக்கிட்டு, உன்னை நினைச்சுக்கிட்டு அழுத்துவேன். அப்படியும் நீ வரலையா, உனக்குத்தான் வர மனசில்லன்னு உன் மேல கோபமா வரும். இந்தத் தடவை பாஸ்வேர்டு மாறிடுச்சுன்னு அப்பா அழுத்தவே விடலை. அன்னைக்கு எவ்வளவு அழுதேன் தெரியுமா? நல்ல வேளை, போன வருஷம் அழுத்தினதே வேலை செஞ்சிருக்கு! சாரிம்மா, உன்னைப் போய்த் தப்பா நினைச்சுட்டேன்."

நான் என் கையால ஒண்ணும் செய்யலை என்று அவன் சமையலறையில் சொன்னது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த ஆளைப் பார்த்தேன். அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அசையாமல், அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். பெற்ற மகளின் விரலை எடுத்து, அவள் அம்மாவை வருஷா வருஷம் கீழே தள்ளியிருக்கிறான். அதற்கு வரவழைக்கிற பட்டன் என்று பெயரும் வைத்திருக்கிறான். அக்கா வாயைத் திறந்தால் அவன் குட்டு உடையும். ஆனால் உடைந்து விழப்போவது யார் மேல் என்று அக்காவும் பார்த்துவிட்டார்.

அக்கா பாப்பாவின் வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ஆள்காட்டி விரலைத் தடவினார். நகத்தில் பழைய நெயில் பாலிஷ் பாதி உரிந்திருந்தது.

"நீ என்னமோ சொல்லணும்னியேம்மா?" என்றாள் பாப்பா.

"அதைத்தான் கண்ணு சொல்ல வந்தேன்" என்றார் அக்கா. "நீ அழுத்தினதாலதான் நான் வந்தேன்."

அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை அவன் விட்டான். எனக்குக் கேட்டது.